காவிரிப் பாலத்தில் நின்ற ஆட்டோ

வண்டியை எடுக்கும் முன் கலைமதி அதை இடுப்பால் ஓர் இடி இடிப்பாள். பின்னால் டேங்கில் பெட்ரோல் அலம்பும் சத்தத்தை வைத்தே எவ்வளவு இருக்கிறது என்று கணித்துவிடுவாள். ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பழக்கம். ஆட்டோ ஸ்டாண்டில் மற்றவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

விஜயதசமியன்று காலையிலும் இடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். பின்சீட்டில் பக்கத்துத் தெரு செல்லக்கண்ணுவும் அவர் மனைவி மாரியாயியும். அவருக்குப் புத்தூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே கிடந்திருக்கிறார். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. நேரம் தவறினால் மிஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி இருமிவிட்டு நின்றது. ஸ்டார்ட் பண்ணும் லீவரை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான்.

"ஏம்மா கலை, பெட்ரோல் போட்டியா இல்லையா?" என்றாள் மாரியாயி.

"இருக்கு பெரியம்மா."

லீவு நாள்; வருகிற ஒன்றிரண்டு ஆட்டோவிலும் ஆள் இருந்தது. எதிரே ஒரு குடும்பத்தை ஏற்றி வந்த அதே ஸ்டாண்டு பாசில் வேகத்தைக் குறைத்தான். "என்னக்கா, இன்னிக்கு இடிக்க மறந்துட்டியா? இவங்களைக் கோயில்ல எறக்கிட்டு ஓடியாரேன்!"

அதுவரை செல்லக்கண்ணு தாங்குவாரா? ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் தோள் எழும்பி இறங்கியது.

பிளக்கைக் கழற்றினாள். காய்ந்து கிடந்தது; பெட்ரோல் வரவில்லை. டேங்கிலிருந்து வரும் டியூபை உருவினாள். இரண்டு சொட்டு விழுந்து நின்றது. ரிசர்வில் திருப்பினாலும் அதே கதை. கையைப் பிசைந்துகொண்டு நின்றவள், டியூப் முனையில் மறுபடி ஒரு சொட்டு திரள்வதைக் கண்டாள். எல்லாவற்றையும் மாட்டி இழுத்ததும் வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பவும் நின்றது.

"நடந்தே போயிருக்கலாம்" என்று மாரியாயி அழத் தொடங்கினாள்.

கலைமதி காதில் வாங்கவில்லை. குழாய் அடைத்திருந்தால் நின்ற இடத்தில் தானாகச் சரியாகாது. நின்றால் கொஞ்சம் வருகிறது, ஓடினால் வற்றிப்போகிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போக வேண்டாமா?

டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது டேங்க். மூடியில் காற்று போகும் சின்னத் துளை முழுக்கக் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். நேற்று ஆயுத பூஜைக்கு, "எங்க வீட்டுக்காரரைச் சுமக்குற வண்டி" என்று கிண்ணம் நிறையக் கரைத்து வந்து ஓரிடம் விடாமல் அப்பியவள் மாரியாயி.

வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் குத்தினாள்.

"என்னடி அது?"

"அழுக்கு பெரியம்மா. உக்காருங்க."

ஆனால் மாரியாயி பார்த்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொட்டு வெக்கிறவ... அளவா வெக்க மாட்டா," என்று செல்லக்கண்ணு திணறித் திணறிச் சொன்னார். "எனக்கும் சேத்து... மூச்சை அடைச்சிட்டா."

சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டிப் புத்தூர்வரை வண்டி நிற்கவில்லை. நர்ஸ் அக்னஸ் செல்லக்கண்ணுவின் கட்டிலுக்கு வேறொருவரை அழைத்து வரப் புறப்பட்டிருந்தார். இவர்களைக் கண்டதும் திரும்பி, "எங்க போனீங்க? சீக்கிரம் படுங்கய்யா" என்று அதட்டினார்.

செல்லக்கண்ணு இன்றும் வாரம் இருமுறை கலைமதியின் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்.