நெல்லித்தோப்பில் இறங்கினேன்

பாரீசிலிருந்து சென்னைக்குப் பத்து மணி நேரம் பறந்து வந்தேன். சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். ஊர் நெருங்கி மீனவர் குப்பமான பிள்ளைச்சாவடி வந்தபோது கருவாட்டு வாசனையில்தான் கண் விழித்தேன். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் எழுத நினைத்தது ரெட்டியார்பாளையத்திலிருந்து நெல்லித்தோப்பு வரை போனதைப் பற்றி. இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். அதற்குத்தான் எனக்கு முப்பது வருஷம் ஆனது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால். பதினான்கு வருஷமாக மகனோடு பிரான்சில் இருக்கிறேன். மருமகள் சொல்தா வீட்டுப் பெண், அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊருக்கு வந்தால் ரெட்டியார்பாளையத்தில் தம்பி முருகையன் வீட்டில் தங்குவேன். அன்று புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தம்பி பார்த்துவிட்டான்.

"எங்கக்கா கெளம்பிட்ட?"

"பெரிய மார்க்கெட்டுக்கு."

"வாங்குன மீனே ஃப்ரிட்ஜுல கெடக்குது. சரி, ஆட்டோ புடிச்சாறேன். நூத்தம்பது கேப்பான்."

"பஸ்லயே போறேன்டா."

"பிரான்சுக்காரி பஸ்ல நசுங்குனா நாங்க பொறுப்பில்ல" என்று சிரித்தான். மார்க்கெட் என்றது பொய். வேறு இடத்தின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

எட்டரைக்குப் பஸ் வந்தது. டிக்கெட் பத்து ரூபாய். நின்றுகொண்டே போனேன். நான் வேலைக்குப் போன காலத்தில் இந்தச் சாலையில் எங்களுக்கு டெம்போதான். மூன்று சக்கர வண்டி. பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை. ஒரு பலகைக்கு நாலு பேர் என்பது சட்டம், ஆறு பேர் என்பது வழக்கம். முழங்காலும் முழங்காலும் பின்னிக்கொள்ளும். டீசல் புகை உள்ளேயே சுற்றும். ஆனாலும் பேச்சும் சிரிப்பும் நிற்காது. நான் மட்டும் பேச மாட்டேன், கேட்டுக்கொண்டு வருவேன். நெல்லித்தோப்பில் மெகருன்னிசா ஏறுவாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், எனக்கு மெகரு அக்கா. "நகருங்கடி, நான் பாதிதான் உக்காருவேன், மீதி நிக்கும்" என்று சொல்லியே உட்கார்ந்துவிடுவாள்.

பிரான்சில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட நானும் தினம் பஸ்ஸில்தான் போகிறேன். நல்ல பஸ், சுத்தமான பஸ். ஒருவர் முழங்கால் ஒருவர்மேல் பட்டால் உடனே 'பர்தோன்' என்பார்கள். நானும் கற்றுக்கொண்டேன். ஒரு நாளைக்கு இருபது தடவை முன்பின் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மெகரு அக்காவும் நானும் பெரிய மார்க்கெட்டில் இறங்கி முல்லா வீதிக்கு நடப்போம். அங்கே ஒரு தையற்கடை. பள்ளிக்கூடச் சட்டைகள் மொத்தமாகத் தைத்துக் கொடுப்பார்கள். ஐந்து பெண்கள் உட்காரும் மேசைக்கு மெகரு அக்காதான் பொறுப்பு. எனக்கு வேலை காஜா எடுப்பது, அதாவது பட்டன் நுழையும் ஓட்டையை வெட்டிச் சுற்றித் தைப்பது. ஆண்பிள்ளைச் சட்டைக்குக் காஜா இடப்பக்கம், பெண்பிள்ளைச் சட்டைக்கு வலப்பக்கம். தப்பான பக்கம் தைத்த பட்டனைப் பிரித்து மாற்றிவிடலாம். காஜாவை வெட்டினால் வெட்டியதுதான்.

ஒரு நாள் மத்தியானம் அறுபது சட்டைக் கட்டு வந்தது. சீட்டில் அளவு மட்டும் இருந்தது, ஆணா பெண்ணா என்று இல்லை. மெகரு அக்கா தொழுகைக்குப் போயிருந்தாள். கட்டிங் மாஸ்டரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் எதற்கும் கத்துவார். எனக்குக் கூச்சம். ஆண்பிள்ளைச் சட்டையாகத்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். அக்கா திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். அறுபதும் பெண்பிள்ளைச் சட்டை.

இரண்டு நாள் கழித்து முதலாளி வந்து "யார் எடுத்த காஜா இது?" என்று கேட்டார். மெகரு அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் ஊசியைப் பார்த்தேன். "என் மேசை, நான்தான் பொறுப்பு" என்றாள். "நாளையிலிருந்து நீ வராதே" என்றார் அவர். அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் நான் அதே டெம்போவில் போனேன். நெல்லித்தோப்பில் வண்டி ஒரு நிமிஷம் நிற்கும். மெகரு அக்கா வீடு நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன்.

எட்டு ஐம்பது. நெல்லித்தோப்பில் இறங்கினேன். சிக்னல் வந்திருக்கிறது, அடுக்குமாடிகள் வந்திருக்கின்றன. வீடு அதேதான், மாடி மட்டும் எழுப்பியிருந்தார்கள். மெகரு அக்கா கதவைத் திறந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அஞ்சலையா? இன்னும் சாவலியா நீ?"

"இல்லக்கா."

"நானும்தான். உள்ள வா."

அவள் வீட்டுக்காரர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் தைரியம் போய்விடும் என்று இருந்தது.

"அக்கா, அந்தக் காஜா நான் எடுத்ததுக்கா" என்றேன்.

"இத சொல்லவா பிரான்சுலேருந்து வந்த? ஒன் காஜா எனக்குத் தெரியாதா? ஒன் தையல் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உழும். பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு."

"மன்னிச்சிருக்கா."

"என்கிட்ட எதுக்குடி சொல்ற? அதோ ஒக்காந்திருக்காரே, அந்தாள்கிட்ட சொல்லு. நான் வேல தெரியாம வெரட்டப்பட்டவன்னு தெருவெல்லாம் பேச்சு. அக்கம்பக்கத்துல ஒரு ஜாக்கெட் தைக்கக் குடுக்கல. அத கேட்டுட்டு இவரும் என்ன பண்ணாரு தெரியுமா? சட்டையில பட்டன் அறுந்தா வெளிய குடுத்துத் தச்சுக்கறாரு. முப்பது வருஷமா!"

நான் பாய் பக்கத்தில் போய்ச் சொன்னேன். அவர் "ஆங்?" என்றார்.

"சத்தமா சொல்லு. காது மந்தம்" என்றாள் மெகரு அக்கா.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அதற்கும் "ஆங்?" என்றார். என் வயது எழுபத்திரண்டு. என் பிள்ளையைக்கூட நான் கத்திக் கூப்பிட்டது கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, "பாய், அறுபது சட்டையும் கெடுத்தது நான்! மெகரு அக்கா இல்ல! நான் வாயத் தெறக்கல!" என்று கத்தினேன். எதிர்வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மெகரு அக்கா அவர்களைப் பார்த்து, "கேட்டுக்குங்க, நல்லா கேட்டுக்குங்க" என்றாள்.

பாய் பேப்பரை மடித்தார். என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

"ஏன் நீ சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

அவர் கொஞ்ச நேரம் தன் சட்டைப் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னொரு சட்டையில ரெண்டு பட்டன் தொங்குது" என்று மெதுவாகச் சொன்னார்.

"வெளியவே குடுங்க" என்றாள் மெகரு அக்கா. ஆனால் டீ போட எழுந்து போனபோது முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு நிறுத்தம் வரை கூட வந்தாள். மனசு லேசாகிவிட்டதென்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

"காஜாவ நான் அன்னைக்கே மறந்துட்டேன் அஞ்சல. டெம்போ சத்தம் கேட்டா தெனம் எட்டிப் பாப்பேன். ஏழு வருஷம். நீ எறங்கவே இல்ல."

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன், அவள் அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

நான் மறைத்ததுதான் குற்றம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்றும் நினைத்தேன். தூர தேசத்துக்குப் போனதால் உறவு விட்டுப்போயிற்று என்று என்னைப் போன்றவர்கள் சொல்லிக்கொள்கிறோம். நான் ரெட்டியார்பாளையத்தில் இருந்துகொண்டே விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை விடியற்காலை விமானம். புதன்கிழமை காலை பத்து மணிக்குள் பெட்டி கட்டியாகிவிட்டது. சொல்ல வேண்டியதும் கேட்க வேண்டியதும் எனக்கு எதுவும் பாக்கி இல்லை. பஸ் ஏறி நெல்லித்தோப்பில் இறங்கினேன். மெகரு அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னடி, இன்னைக்கு என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் வந்தேன்" என்றேன்.