ஒரு சென் பாக்கி

"அம்மா, அப்பா எனக்கு போன்ல ஒரு சென் காசு அனுப்பியிருக்காரு. தப்பா அமுக்கிட்டாரு போல. திருப்பி அனுப்பவா?"

போன சனிக்கிழமை மகள் போனில் இப்படிக் கேட்டாள். இந்த ஆண்டுதான் ஈப்போவில் தொழிற்கல்லூரி விடுதியில் சேர்ந்திருக்கிறாள். போன் வாரக் கடைசியில்தான் கையில் கிடைக்கும். கிடைத்ததும் என்னிடம் காது வலிக்கும்வரை அளப்பாள். அப்பாவிடம் மட்டும் பேச்சு நீள்வதில்லை. அவருக்குத் திக்குவாய். நேரில் திக்கும்போது உதடு துடிப்பதாவது தெரியும். போனில் வெறும் மௌனம்தான் கேட்கும். "ஹலோ? லைன் சரியில்லப்பா" என்று இவள் வைத்துவிடுவாள். அவசரக்காரி, என்னைப் போலவே. "அப்பாவுக்கு என்கூட பேசவே பிடிக்கல லா" என்று என்னிடம் அழுகை வேறு. இவரோ எனக்குத் தெரியாது என்ற நினைப்பில் அவள் அறையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான்.

"திருப்பி அனுப்பாத. அவரு தப்பா அமுக்கல. கேளு" என்றேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. புக்கிட் செலம்பாவிலிருந்து பஸ் பிடித்து சுங்கைப் பட்டாணிக்கு வந்து ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் நின்றேன். நூறு சென் ஒரு வெள்ளி; எந்தச் சாமானின் விலையும் தொண்ணூற்றொன்பது சென்னில்தான் முடியும். பாக்கி ஒரு சென் காசை எவரும் வாங்க மாட்டார்கள். செப்பு நிறத்தில் பொட்டு மாதிரி இருக்கும் அந்தக் காசு. கீழே விழுந்தால் பிள்ளைகள்கூடப் பொறுக்காது. ஒரே ஒருவர் மட்டும் நின்று வாங்குவார். கூலிமில் சிப் ஃபேக்டரி வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வருவார். தினமும் ஒரே பிஸ்கட் பாக்கெட், மூன்று வெள்ளி நீட்டுவார், பாக்கி ஒரு சென்னுக்காக நிற்பார். நான் அதைத் தேடி எடுக்கும்வரை என்னையும் கல்லாவையும் மாறி மாறிப் பார்ப்பார். கொடுத்ததும் வாயைத் திறப்பார், மூடுவார், போய்விடுவார்.

"கெடெகுட் வந்தாச்சு" என்பாள் அடுத்த கல்லாவிலிருந்த மலாய்த் தோழி. கஞ்சனுக்கு மலாயில் அதுதான் பெயர். எனக்கும் எரிச்சல்தான். காசைக் கையில் வைக்காமல் மேசையில் 'டக்'கென்று போடுவேன். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பிறகு அரசாங்கம் ஒரு சென் காசை நிறுத்தியது. ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கு ஐந்திலோ பூஜ்யத்திலோதான் முடிய வேண்டும் என்று கடையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்று மாலையும் அவர் வந்தார். மூன்று வெள்ளி நீட்டினார். ரசீதைக் கொடுத்தேன். கை நீட்டியபடியே நின்றார்.

"இனிமே ஒரு சென் கிடையாதுண்ணே. முழுசா மூணு வெள்ளி" என்றேன்.

முகம் செத்துப்போய்விட்டது. ஒரு சென்னுக்கா ஒரு மனிதன் இப்படி வாடுவான் என்று நினைத்தேன். மறுநாள் அவர் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் நான் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த வாரம் சம்பள நாள், கடையில் நெரிசல். வரிசையில் அவர் நின்றார். முறை வந்ததும் மேசையில் பிஸ்கட் பாக்கெட்டை வைக்கவில்லை. நான் முன்பு கொடுத்த ஒரு சென் காசு ஒன்றை வைத்தார். "ஒ... ஒ..." என்று சிக்கிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் காசு அல்ல, நான் அதைத் தேடி எடுக்கிற நேரம். முதல் சொல்லை வெளியே கொண்டுவர அது போதவில்லை, அவ்வளவுதான்.

"என்னா லா, சீக்கிரம்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"பொறுங்க லா! குடியா முழுகிப் போச்சு?" என்று நானும் கத்தினேன். நான் கல்லாவை மூடிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒ... ஒரு நாள் எ... எங்க அம்மா உ... உங்க வீட்டுக்கு வரலாமா?" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஒரு சென் எங்களோடேயே இருந்தது. ஏதாவது சொல்ல முடியாமல் தவித்தால் என் முன்னால் வைப்பார். நான் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். எனக்கு அது லேசான வேலை இல்லை. இப்போது ஷிஃப்டில் இருந்தால் போனிலேயே ஒரு சென் அனுப்புவார். ரொக்கத்துக்குத்தான் ஒரு சென் செத்தது. போனில் இன்னும் செல்லும். வந்தால் நான் கூப்பிட்டு, அவர் பேசும்வரை லைனில் இருப்பேன். இது எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்த விஷயம்.

மகளிடம் இவ்வளவும் சொல்லி முடித்தேன். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் மாலை அவர் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தார். ஜன்னல் திண்டில் இருந்த அவர் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தவர் என்னைப் பார்த்தார். மகளிடமிருந்து ஒரு சென். சோப்புக் கையைத் துடைப்பதற்குள் போன் மணியடித்தது.

"ஹலோப்பா" என்றாள், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அவ்வளவுதான், வேறு எதுவும் பேசவில்லை.

"சா... சா..." என்றார் அவர். பிறகு ஒன்றும் வரவில்லை. அவருக்குப் பதிலாகச் சொல்லிவிடலாமா என்று என் நாக்கு துடித்தது. சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தார்.

"வ... வச்சிட்டியாம்மா?"

"வைக்கலப்பா. இங்கதான் இருக்கேன். நீங்க மெதுவா சொல்லுங்க."