பித்தளையில் வெட்டிய பெயர்

கொட்டாம்பட்டியைத் தாண்டி, பெருஞ்சாலையிலிருந்து பிரியும் செம்மண் தடத்தின் முடிவில் எங்கள் பாட்டனார் கட்டிய மாளிகை இருக்கிறது. பங்கு வழக்குத் தொடங்கிய நாளில் அவர் மக்கள் மூவரும் ஆளுக்கொரு பூட்டைத் தலைவாயிலில் மாட்டினார்கள். மூன்று கிளையாரும் ஒருங்கே வந்தாலன்றிக் கதவு திறவாது. வழக்கு ஓய்ந்து, இடிப்பதற்கென மாளிகையை விற்றபின், உள்ளே கிடப்பவற்றைப் பங்கிட்டுக்கொள்ளக் கடந்த கோடையில் கூடினோம். பெரியப்பா தம் மகனோடு வண்டியில் வந்தார். மறைந்த என் தந்தையின் திறவுகோலோடு நான் ஆனையூரிலிருந்து போனேன். சிற்றப்பாவும் இறந்துவிட்டதால் சித்தி தனியே பேருந்தில் வந்து, வெயிலில் நடந்து சேர்ந்தார்.

சித்திக்கு வேண்டியது ஒன்றே. அவர் மணமாகி வந்தபோது பிறந்த வீட்டார் கொடுத்த சீர்ப் பாத்திரங்கள் உள்ளே இருந்தன. அந்த ஆவணியில் மகளுக்குத் திருமணம். புதிதாய் வாங்க வழியில்லை.

கதவைத் தள்ளியதும் வௌவால் எச்சத்தின் நெடி முகத்தில் அறைந்தது. தூண்களைக் கரையான் அரித்துச் சாய்த்திருந்தது; கூடத்தின் கூரை பாதி தரையில் கிடந்தது. முற்றத்தில் முளைத்த அரசமரம் பாட்டனாரின் படுக்கையறைச் சுவரைப் பிளந்து உள்ளே கிளை நீட்டியிருந்தது.

"தாத்தா கட்டிலப் பாருங்க. யாரும் ஒக்காரக்கூடாதும்பாரு. இப்ப வவ்வால் குடும்பம் நடத்துது," என்று பெரியப்பா மகன் சிரித்தார்.

சித்தி நிற்கவில்லை. சமையற்கட்டை ஒட்டிய இருட்டறைக்குள் நேரே போனார். அண்டா, இரண்டு குடங்கள், ஒரு குத்துவிளக்கு. எல்லாம் பச்சைக் களிம்பேறி அங்கேயே இருந்தன. முந்தானையால் விளக்கைத் துடைத்துக்கொண்டே, "இருக்கு, எல்லாம் இருக்கு," என்றார்.

பெரியப்பா கைப்பேசி வெளிச்சத்தை அண்டாவின் விளிம்பில் அடித்தார்.

"யாரு பேரு வெட்டியிருக்கு? வாசிடா."

"தாத்தா பேருப்பா. பட்டத்தோட."

சித்தியின் தந்தை கீழக்குயில்குடிப் பக்கத்தில் சிறு நிலம் உழுதவர். பெரிய வீட்டில் சம்பந்தம் கிடைத்த பெருமையில், மகள் பெயரை வெட்ட வேண்டிய இடத்தில் சம்பந்தியின் பெயரை வெட்டியிருந்தார்.

"எங்கப்பா பேரு போட்டது எப்பிடிம்மா ஒன் சீராகும்? பொதுவுல வையி."

"மரியாதைக்கு வெட்டுனது பெரியத்தான். ஒங்க கண்ணு முன்னாலதான வண்டியில வந்து எறங்குச்சு?"

"இந்த வீட்டுல எம்புட்டோ எறங்குச்சு. எல்லாத்தையுமா நெனப்பு வச்சிருப்பாக?"

அவை சித்தியுடையவை என்பது எல்லோருக்கும் தெரியும், எனக்கு அவற்றில் பங்கு வேண்டாம் என்றேன். "ஒம் பங்குக்கு நீ பேசுப்பா. எம் பங்குக்கு நான் இருக்கேன்," என்றார் பெரியப்பா.

சித்தி குரலைத் தாழ்த்தினார். "அண்டா, கொடம் நீங்களே வச்சுக்கங்க. வெளக்க மட்டும் குடுங்க பெரியத்தான். புள்ளைய வெறுங்கையோட எப்பிடி அனுப்ப?"

பெரியப்பா மகன் அவர் கையிலிருந்து விளக்கை வாங்கினார். களிம்பு இறுகியிருந்தது, மூச்சைப் பிடித்துத் திருகி, அடி வேறு, தண்டு வேறு, தலை வேறாகக் கழற்றினார்.

"ஒரு வெளக்கு, மூணு பங்கு. சித்திக்குத் தலை, தம்பிக்குத் தண்டு, எங்களுக்கு அடி. கோர்ட்டுல கூட இம்புட்டுச் சரியா பிரிக்க மாட்டாக."

பெரியப்பா இருமல் வரும்வரை சிரித்தார். நான் தண்டைச் சித்தியிடம் கொடுத்தேன். அவர் இரண்டையும் பொருத்திக் கையில் பிடித்தபடி, அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்னம்மா, எங்க வீட்டுலதான இருக்கப்போகுது," என்றார் பெரியப்பா. "முகூர்த்தத்துக்கு மொத நாளு பத்திரிகையோட வந்து கேளு. சாமி கும்பிட்டுட்டுத் திருப்பிக் குடுத்துரு."

சித்தி கையிலிருந்ததை மெல்லத் தரையில் வைத்தார். "ஒங்களுக்குப் பத்திரிகை வைக்கல பெரியத்தான்," என்று சொல்லி, முந்தானையை உதறிக்கொண்டு, பேருந்துக்கு நடந்தார்.

அவர் வாசலைக் கடக்குமுன்னே பெரியப்பா மகன் குனிந்து மூன்றையும் திருகிப் பூட்டி, தரையில் நிறுத்தி, விரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்லா நிக்குதுப்பா. ஆடவே இல்ல."