எங்கள் தாமானில் எல்லாருக்கும் ஒரே வியாதி

ஒரு மாதத்துக்கு முன் என் வீட்டு கேட்டில் ஒரு டாக்டர் பெண் வந்து நின்றாள். கையில் ஃபைல். என் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து முழுசாகப் படித்தாள். நான் என்ன தப்பு செய்தேன்?

செய்துதான் இருந்தேன்.

பாக்கார் ஆராங்கில் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், ஒரு வழக்கம் உண்டு. யாராவது வீட்டிலேயே இறந்துவிட்டால், போலீஸ் நிலையத்தில் சொல்லி அடக்கத்துக்குப் பெர்மிட் வாங்க என்னைத்தான் அனுப்புவார்கள். என் மலாய் கொஞ்சம் சுத்தமாக இருக்குமாம்! எதனால் இறந்தார் என்று கோப்ரல் கேட்பார். அங்கே வீட்டில் உறுமி மேளக்காரர்கள் வந்து காத்திருப்பார்கள். நானும் 'சாக்கிட் துவா' என்பேன் - அதாவது, முதுமை. அவரும் எழுதிக்கொள்வார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

இந்தப் பெண் இருதய நோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். அதற்காக அரசாங்க இறப்புப் பதிவுகளைப் புரட்டியிருக்கிறாள். எங்கள் தாமானில் மாரடைப்பு இல்லை, இனிப்புநீர் வியாதி இல்லை, கிட்னி கோளாறு இல்லை. எல்லாருக்கும் முதுமை. எல்லாவற்றிலும் தகவல் சொன்னவர் நான்.

"அங்கிள், மணியம்னு ஒருத்தர்... அம்பத்திரண்டு வயசுதான்லா. அவருக்குமா சாக்கிட் துவா?"

மணியத்தைவிட நான் பத்து வயது மூத்தவன்.

அடுத்த வரிசையில் இருக்கும் மணியத்தின் மனைவி லெட்சுமியிடம் அவளை அழைத்துப் போனேன். பல வருடமாகியும் லெட்சுமிக்கு மணியம் போன காலைப்பொழுது அப்படியே நினைவிருந்தது. தாடை வலிக்கிறது என்றாராம். பல்வலி என்று நினைத்து கிராம்பு கொடுத்தாளாம். சட்டை நனைய வேர்த்ததாம். கொஞ்சம் படுக்கிறேன் என்று போனவர் எழவில்லை. டாக்டர் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அது மாரடைப்பாகத்தான் இருக்கும் என்றாள்.

கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்யும் லெட்சுமியின் மகன் சரவணன் அன்று வீட்டில்தான் இருந்தான். அறைக் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் மெதுவாகச் சொன்னான்:

"டாக்டர், எனக்கும் ஒரு மாசமா படி ஏறுனா நெஞ்சு இறுக்குது. கிளினிக்ல அப்பா எதுல போனாருன்னு கேட்டாங்க. வயசாகிப் போயிட்டாருன்னு சொன்னேன்... சர்ட்டிபிகேட்ல அப்படித்தானே இருக்கு?"

எனக்கு அவனை நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை. மேளக்காரர்களுக்காக நான் சொன்ன ஒரு வார்த்தை, இத்தனை வருடம் கழித்து இவன் உயிரோடு விளையாடிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அன்றைக்கே அவனை என் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். இரத்தக் குழாயில் அடைப்பு... நல்லவேளை, நேரத்தோடு கண்டுபிடித்தார்கள். குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது சரவணன் ஐயா தெம்பாக இருக்கிறார். ரொட்டி சானாய் சாப்பிட விடமாட்டேன் என்கிறார்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்புகிறார்!

நேற்று எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஒரு சாவு. வழக்கம்போல் போலீஸ் நிலையத்துக்கு நான்தான். கூடவே சரவணனும் வந்தான். என்னைப் பார்த்ததுமே கோப்ரல் 'சாக்கிட் துவா' என்று எழுதப் போனார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் நேரமாகும் துவான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, இறந்தவருக்கு இருமல் தொடங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தேன்.

நடுவில் போன் அடித்தது. மேளக்காரர்கள் வந்தாச்சாம், சீக்கிரம் வரச் சொன்னார்கள். சரவணன் என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தான்.

"நீங்க சொல்லுங்க மாமா."

சொன்னேன். முழுசாக அரை மணி நேரம். அவசரமெல்லாம் எங்களுக்குத்தான்... போனவர் பொறுமையாகத்தான் படுத்திருந்தார்.