ரோலர் கோஸ்டரில் அண்ணி போட்ட கூச்சல்

என் அண்ணனுக்கு டயர் கடை. ஆனால் அங்கே டயரைவிட அதிகமாக ஓடியது ஒரு கதைதான். கல்யாணமான புதிதில் அண்ணியைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் ரோலர் கோஸ்டரில் ஏற்றிய கதை. வண்டி உச்சிக்குப் போய்ச் சரிந்ததும் அண்ணி, "ஐயோ, நிறுத்துங்க, என்னை இறக்கிவிடுங்க" என்று ஊரைக் கூட்டினாராம். முன் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத மனிதரின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாராம். அண்ணனுக்கு வயதாக ஆகக் கதைக்குச் சதை போட்டது. முதலில் அந்த ஆளுக்குச் சொந்த முடி இருந்தது. சில வருடங்களில் அது விக் ஆகி, அண்ணியின் கையோடு வந்துவிட்டது.

டயர் வாங்க வருகிறவர்கள், சம்பந்தி வீட்டார், கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் என்று யாரையும் அவன் விட்டுவைக்கவில்லை. பேரப்பிள்ளைகள்கூட அண்ணி மாதிரி கத்திக்காட்டப் பழகிவிட்டார்கள். கதை அந்த இடத்துக்கு வரும்போது அண்ணி எழுந்து, காலியாகாத தட்டுகளையும் அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் அவர் தன் நர்ஸ் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "நிஜமாவே அவ்வளவு பயமா அண்ணி?"

"பயம்தான். அதை ஏன் மறைக்கணும்? குடல் வாய்க்கு வந்துடுச்சு. ஆனா எனக்கு மறக்காதது அது இல்ல. மேல ஏறுறப்பவே, கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கன்னு உன் அண்ணன்கிட்ட கேட்டேன். பிடிக்கல. நான் எப்பக் கத்துவேன்னு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தாரு."

அன்றிலிருந்து அண்ணன் அந்தக் கதையை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடப் பிறந்தவன்தான், அதற்காக?

அண்ணி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் ஹெட் நர்ஸ். போன மாதம் ரிட்டையர் ஆனார். விழாவுக்குக் கிளம்பும்போது என் எதிரிலேயே அண்ணனிடம் சொன்னார். "இன்னைக்கு ஒருநாள் அந்தக் கதை வேண்டாங்க. வர்றவங்க எல்லாம் எனக்குக் கீழ வேலை பார்த்த பிள்ளைங்க. அங்கேருந்து மரியாதையா வெளிய வரணும் நான்."

"சரி சரி, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றான் கண்ணாடியில் மீசையை வாரிக்கொண்டே.

ஆஸ்பத்திரி கேன்டீனில் மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் கேக். இளம் நர்ஸ்கள் இரண்டு பேர் பேச முடியாமல் அழுதார்கள். பிறகு பெரிய டாக்டர், "சார், நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று அண்ணனிடம் மைக்கை நீட்டினார். நீட்டியிருக்கக் கூடாது. மைக்கைக் கண்டதும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

"உங்க ஹெட் நர்ஸ் எதுக்கும் பயப்பட மாட்டாங்கன்னுதானே நினைக்கிறீங்க?" என்று ஆரம்பித்தான். முழுக் கதையும் வந்தது. விக்கும் வந்தது. அலற வேண்டிய இடத்தில் மைக்கை வாயோடு ஒட்டிவைத்து அலறினான். அண்ணி கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. அந்த மைக்கைப் பிடுங்கி அவன் மண்டையிலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது எனக்கு.

சின்னப் பெண்கள் சிரித்தார்கள். தியேட்டரில் இருக்கும் பழைய ஆட்கள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருடம் அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது இவர்களுடைய தியேட்டரில்தான். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "எறும்பு கடிச்ச மாதிரி" என்றிருந்தான். அண்ணியிடம் கேட்டதற்கு, "காபி போடவா?" என்று எழுந்து போய்விட்டார்.

அண்ணி எழுந்து மைக்கை வாங்கினார். எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு மைக்கைக் கை மாற்றிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரர் சொன்னது நிஜம். நான் கத்தினேன். இந்த வயசுல இன்னைக்கு ஏத்திவிட்டாலும் கத்துவேன். பயம் வந்தா மனுஷங்க கத்துவாங்க, நாம தினமும் கேக்கிறோமே. நம்ம டேபிள்ல படுத்துக்கிட்டு யார் கத்தினாங்க, யார் எங்கம்மாவைக் கூப்பிடுங்கன்னு அழுதாங்க, முதுகுல ஊசின்னதும் யார் டாக்டரோட கோட்டைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னாங்க, இதையெல்லாம் இத்தனை வருஷத்துல நான் வெளிய பேசினதே இல்ல. வேலையில இருக்கிறவங்க பேசக் கூடாது."

மயக்க மருந்து டாக்டர் குனிந்து இருமினார். அண்ணி நேராக அண்ணனைப் பார்த்தார்.

"நாளையிலிருந்து நான் வேலையில இல்ல."

பழைய ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வரும்போது காரில், "நீ அதையெல்லாம் சொல்லிட மாட்டியே?" என்று இரண்டு முறை கேட்டான். "பார்க்கலாம்" என்றார் அண்ணி.

நேற்று வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். பெரிய பேத்தி, "தாத்தா, அந்த ரோலர் கோஸ்டர் கதை சொல்லுங்க" என்றாள். அண்ணன் ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்தான். "அது பழைய கதைம்மா, போய் விளையாடு" என்றான். அண்ணி தன் தட்டில் இருந்ததை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

அண்ணி யாரிடமும் சொல்லப்போவதில்லை. நானே காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன், ஒரு வார்த்தை பெயரவில்லை. இது அண்ணனுக்குத் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டே கிடக்கட்டும்.