மூன்று சிவப்புத் தையல்

என் மதினி திருடவில்லை. அவளைத் திருடியாக்கியவர் நீங்கள், கண்டாக்கையா. இரண்டு முழக் கித்தான் துண்டு ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. அதன் மூலையில் சிவப்பு நூலில் மூன்று தையல். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். வெளிவேலைகளுக்கெல்லாம் அப்போது நீங்கள்தான் அதிகாரி. துரை ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கித் தோட்டத்துக் குளத்தில் விட்டார். மழைநீர் தேங்காமலிருக்க அதற்கு ஓர் உறை வேண்டும் என்றார். நீங்கள் கித்தானைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் லயத்துக்கு வந்தீர்கள். அண்ணன் இறந்தபின், கொழுந்து பறித்த நேரம் போக மதினி ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்து வந்தாள்.

கரையில் கிடந்த படகை அவள் கயிற்றால் அளந்தாள். வளைவுக்கு வளைவு ஒரு முடிச்சு. மறுமுனையை நான் பிடித்தேன். கித்தானை மடித்துக் கைமெஷினில் கொடுத்ததும் ஊசி உடைந்தது. பிறகு கோணி ஊசியில் மெழுகு தடவிய நூலைக் கோத்துக் கையாலேயே தைத்தாள். தண்ணீர் வழிந்தோட நடுவில் கூரை மாதிரி ஒரு மேடு, விளிம்பில் சுருக்குக் கயிறு.

"தொர படகுக்குப் பாவாட தச்சாச்சா மதினி?" என்று சீண்டினேன்.

"ஆமாடி, அதுக்கு இருக்குற கொடுப்பின ஒனக்கு இல்ல" என்றாள்.

மிஞ்சிய துண்டைச் சுருட்டி உங்களிடம் நீட்டினாள். "நீயே வச்சுக்கம்மா. தொர இதையா கேக்கப்போறாரு?" என்றீர்கள். "பெறகு கேட்டா நீங்கதான் சொல்லணுங்கய்யா" என்றாள். "நான் இருக்கேன்ல" என்றீர்கள். பக்கத்தில் நான் நின்றேன். அந்தத் துண்டைத்தான் தகரக் கூரையின் ஓட்டைமேல் விரித்துக் கல் வைத்தாள். அதன் கீழே அவளுடைய இருமல்கார மகள் படுப்பாள்.

சுவரோடு சுவராய் ஒட்டிய லயத்து வீடுகளில் எல்லார் கம்பளியும் ஒன்றுபோல இருக்கும்; இடுப்பில் கட்டும் சாக்கும் அப்படித்தான். மாறிப்போகாமலிருக்க வீட்டுக்கு ஒரு நூல் அடையாளம் வைப்போம். மதினிக்குச் சிவப்பில் மூன்று தையல். துண்டில் போட்டாள், அது அவளுடையது. கைப்பழக்கத்தில் துரையின் உறை மூலையிலும் போட்டுவிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

லயம் பார்க்க வந்த துரை, தன் படகு உறையில் கண்ட அதே தையலைக் கூரையில் கண்டார். என் கித்தானைத் திருடி அடையாளமும் போட்டிருக்கிறாள் என்று குதித்தார். மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில், அத்தனை பேர் முன்னால், அவளை நிறுத்தினார்கள்.

"கண்டாக்கையாதானுங்க குடுத்தாரு."

துரை உங்களைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க தொர" என்றீர்கள்.

நானும் வாய் திறக்கவில்லை. குடியிருக்கிற ஒற்றைக் காம்பராவும் போய்விடும் என்று பயந்தேன். துரை சேற்றில் எறிந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான் என் தைரியம்.

வேலையை விட்டு நிறுத்தும்போது கொடுக்கும் பத்துச்சீட்டில் திருட்டு என்று எழுதி அவளை வெளியே அனுப்பினார்கள். அந்தச் சீட்டைப் பார்த்த எந்தத் தோட்டமும், உடப்புசல்லாவை வரை போயும், அவள் பேரைப் பதியவில்லை. கினிகத்தேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். பிறகு ஊசியைத் தொடவே இல்லை. கடைசியாக நான் பார்க்கப் போனபோது அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "அந்தாளு எப்பவாச்சும் சொன்னாராடி?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

இன்று நீங்கள் கோயில் கமிட்டித் தலைவர். மாலை போடுகிறார்கள். மைக்கில் நேர்மையைப் பற்றிப் பேசுகிறீர்கள். வருகிற கூட்டத்தில் இந்தத் துண்டோடு முன்வரிசையில் உட்காருவேன். கித்தான் மக்கிவிட்டது; மூன்று தையலும் அப்படியே இருக்கின்றன. இதை என் மதினிக்குக் கொடுத்தது யார்? அந்த மைக்கிலேயே, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், கண்டாக்கையா.