பீலியடியில் போட்ட மாத்திரை

சுதர்ஷினி பிடித்தால் விடமாட்டாள். அட்டை மாதிரி என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி பேசுவார்கள். மனநல கிளினிக்குக்குத் தொண்டு செய்யப் போகிறவளுக்கு அந்தக் குணம் இல்லாவிட்டால் எப்படி? மருந்தை நிறுத்தியவர்களை வீடு தேடிப் போய்ப் பேசி, அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சம்பளம் கிடையாது. அவளும் ஒரு காலத்தில் அதே கிளினிக் வாங்கில் நோயாளியாக உட்கார்ந்திருந்தவள் என்பதால்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

உடப்புசல்லாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவளுக்குக் காதில் குரல் கேட்கத் தொடங்கியது. பிள்ளையைத் தூக்கவே பயந்தாள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். திரும்பி வந்த வருஷம், மாமியார் நாகலெட்சுமி வைத்த நேர்த்திக்காக மாரியம்மன் திருவிழாவில் தீ மிதித்தாள். அவ்வளவுதான், எல்லாரும் ஆஸ்பத்திரியை மறந்துபோனார்கள். "எம் மருமகள ஆத்தா சொகமாக்கிட்டா" என்று மாமியார் தோட்டமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். சுதர்ஷினியும் வாயைத் திறக்கவில்லை. பைத்தியம் என்ற பேரைவிட இந்தப் பேர் நன்றாகத்தானே இருந்தது! மாத்திரையை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துத் தினமும் போட்டுக்கொண்டாள்.

கீழ் லயத்து வீரம்மா அவளைவிட மூத்தவள், அதே கிளினிக்கில் மருந்து எடுப்பவள். திடீரென்று ஒருநாள் தன் மாத்திரையை எல்லாம் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டாள். பிறகு தூக்கம் போச்சு, சோறு போச்சு. கொழுந்து பறிக்க மலைப்பக்கம் வருவதில்லை, சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். சுதர்ஷினி கேட்கப் போனபோது அவள் சொன்ன காரணம்தான் பெரிய அடி.

"மாத்திரை எதுக்கு? இந்தத் திருவிழாவுல நானும் தீ மிதிக்கப் போறேன். ஒன்னையப் போல சொகமாயிருவேன்."

சுதர்ஷினிக்கு உடனே விளங்கிவிட்டது. தான் வாயை மூடிக்கொண்டு இருந்ததால் வந்த வினை இது.

"அக்கா, நான் இன்னும் மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"போடி! என்னையத் திங்க வைக்கிறதுக்குப் பொய் சொல்ற. நெசம்னா எல்லாருக்கும் முன்னால சொல்லு பார்ப்போம்."

அன்று வேலை விட்டதும் பெண்கள் ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் கைகால் கழுவிக்கொண்டு நின்றார்கள். மாமியார் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வீரம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள் சுதர்ஷினி. மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். சுதர்ஷினி பின்வாங்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, பீலித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள்.

"என்னாடி அது?" என்றாள் மாமியார்.

"ஆஸ்பத்திரி மாத்திரை அத்தை. தீ மிதிச்ச அன்னைக்கும் இதைப் போட்டேன். ஆத்தாவையும் விடல, இதையும் விடல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அப்ப இன்னும் சொகமாகலையா?"

"சொகமாத்தான் இருக்கேன். இதைப் போடுறதாலதான் இருக்கேன். நேத்து ஒங்களவிடக் கூடக் கொழுந்து எடுத்தது யாரு? நான்தானே?"

சிரிப்பு நின்றுவிட்டது. நாகலெட்சுமி பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீரம்மாதான் கையை நீட்டினாள்.

"எனக்கொண்ணு குடு."

"என்னோடதக் குடுக்கக் கூடாதுக்கா. ஒங்களோடது கிளினிக்குலதான் கிடைக்கும். நாளைக்கு மொத பஸ்ஸுல போவோம்."

"நேர்த்திய விடமாட்டேன்."

"யாரு விடச் சொன்னா? ரெண்டு பேரும் சேர்ந்தே மிதிப்போம்."

வீட்டில் மாமியார் முகம் கொடுக்கவே இல்லை. பேசாவிட்டால் போகட்டும், வீரம்மா வந்தால் போதும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள் சுதர்ஷினி. வருவாளா என்பதுதான் உறுதியில்லை.

காலையில் பனிமூட்டத்தில் ரோட்டுக்கு இறங்கினாள். அவளுக்கு முன்பே வீரம்மா அங்கே நின்றாள், தீ மிதிப்புக்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு.

"என்னாக்கா, இது திருவிழாச் சேலையாச்சே?"

"தீ மிதிக்கக்கூட எனக்குப் பயமில்ல புள்ள. இந்த பஸ்ஸுல ஏறத்தான் பயமா இருந்துச்சு. அதான் கட்டிக்கிட்டேன்."

பஸ் வந்து நின்றது. சுதர்ஷினி அவளை முதலில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே தானும் ஏறினாள்.